மூன்று துணி குறைந்த தகடு

கண்ணு, எனக்குப் பயமாக இருக்கிறது. ஒரு அம்மா மகனுக்கு எழுதும் கடிதம் இப்படி ஆரம்பிக்கக் கூடாதுதான். வேறெப்படி ஆரம்பிப்பது என்று தெரியாமல் மூன்று தாள்களைக் கிழித்துப்போட்டுவிட்டேன். நேற்றுக் காலை நீயும் கவிதாவும் பாப்பாவும் அந்தியூருக்குக் கிளம்பியபோது வாசலில் நின்று கையாட்டினேன். பாப்பா காரின் பின்கண்ணாடி வழியாக, "ஆத்தா, ராட்டாந்தூரில மேல போயி உனக்கு டாட்டா காட்டுவேன், நீ கணபதி வீட்டுல இருந்தே பாரு" என்று கத்தினாள். நானும் சிரித்துக்கொண்டே சரி என்றேன். கதவைச் சாத்திவிட்டு உள்ளே வந்து சமையல் மேடையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். உங்கப்பா வந்து காபி கேட்டதுகூட இரண்டாம் முறைதான் காதில் விழுந்தது.

நாளை மாலை திருவிழாவில் அந்தப் பெரிய ராட்டினம், பெட்டிகளைத் தாங்க நீ செய்து கொடுத்த கைகளோடு முதல் முறையாக ஆட்களை ஏற்றிக்கொண்டு சுற்றப்போகிறது. ராட்டினக்காரருக்கு ஒரு வழக்கம் இருக்கிறது. புதிதாக எதை மாட்டினாலும் பூசணிக்காய் சுற்றி உடைத்து, அதைச் செய்து கொடுத்தவனைக் குடும்பத்தோடு முதல் பெட்டியில் உட்காரவைத்துத்தான் ஓட்டுவார். பெட்டி தொங்கும் சங்கிலி செய்தவரும் அப்படித்தான் உட்கார்ந்தாராம், பலகை அடித்த ஆசாரியும் அப்படித்தான் உட்கார்ந்தாராம். நீ அதைச் சொன்னபோது பெருமையில் உன் காது மடல் சிவந்திருந்தது. உனக்குப் பின்னால் இன்னும் இருபத்து மூன்று பெட்டிகளில் யார் யார் வீட்டுப் பிள்ளைகளோ ஏறுவார்கள். அதனால் சொல்ல வேண்டியதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் வார்த்துக் கொடுத்த மாதிரித் தகடு பொய். ஏழு துணி போட்டதாகச் சொன்னேன். நாலுதான் போட்டிருந்தேன்.

இனி விவரமாக எழுதுகிறேன். உனக்குத் தெரிந்ததையும் சேர்த்தே எழுதுகிறேன், ஏனென்றால் இதைக் கவிதாவும் படிக்க வேண்டும், ராட்டினக்காரரும் படிக்க வேண்டும், கேட்கிற யாருக்கும் நீ இதைக் காட்டலாம். கண்ணாடி இழையில் நெய்த துணியை ரெசினில் தோய்த்து அடுக்கடுக்காக வைத்து இறுகவிட்டால் கல் போல ஒரு பொருள் கிடைக்கும். ராட்டினத்துக்கு நீ செய்த கைகள் அந்தப் பொருளில்தான். இரும்புக் கையைவிட எவ்வளவோ லேசு, துருவும் பிடிக்காது, ஊர் ஊராக லாரியில் ஏற்றி இறக்குகிறவர்களுக்கு அது பெரிய நிம்மதி. ஆனால் அந்தக் கைக்குள் பாரம் எந்த இடத்தில் போய்க் குவிகிறது என்பது வெளியே தெரியாது. அதைப் பார்ப்பதற்காக அதே துணியில், அதே அடுக்கில், வெளிச்சம் ஊடுருவும்படி ஒரு சின்ன மாதிரியை வார்ப்போம். ஒரே திசையில் அசைகிற ஒளியை மட்டும் விடுகிற இரண்டு கறுத்த தாள்களுக்கு நடுவே அதை நிறுத்திப் பின்னால் விளக்கைப் போட்டு, கீழே எடையைத் தொங்கவிட்டால் தகட்டுக்குள் நிறப்பட்டைகள் கிளம்பும். பட்டைகள் அகலமாகத் தள்ளித் தள்ளி இருந்தால் அந்த இடம் நிம்மதியாக இருக்கிறது என்று அர்த்தம். நெருக்கியடித்துக்கொண்டு நின்றால் அங்கேதான் ஆபத்து. ராட்டினக் கையில் அந்த இடம், பெட்டி தொங்குகிற இரும்பு ஆணி நுழையும் துளையின் இரண்டு பக்கமும்.

இதில் கஷ்டம் என்னவென்றால், உள்ளே இருக்கிற துணி கண்ணுக்குத் தெரியக் கூடாது. தெரிந்தால் தகடு பால் போல வெளுத்துவிடும், பட்டை எதையும் எண்ண முடியாது. ரெசினுக்குள் வெளிச்சம் எவ்வளவு வளைகிறதோ அதே அளவு இழைக்குள்ளும் வளைந்தால் இழை மறைந்துவிடும். அதற்காக ஒரு கிண்ணத்தில் ரெசினை எடுத்துக்கொண்டு, இன்னொரு திரவத்தைச் சொட்டுச் சொட்டாகக் கலந்து, ஒற்றை இழையை அதில் முக்கிப் பார்ப்பேன். வெந்துகொண்டிருக்கிற ஜவ்வரிசி போல அது கொஞ்சம் கொஞ்சமாக மங்கும். ஏதோ ஒரு சொட்டில் சட்டென்று காணாமல் போகும். விரலால் தொட்டால் இருக்கிறது, கண்ணால் பார்த்தால் இல்லை. முப்பது வருஷம் கல்லூரிச் சோதனைக்கூடத்தில் நான் அலுக்காமல் வேலை பார்த்ததற்கு அந்த ஒரு சொட்டுதான் காரணம். வெளியூர்ப் பேராசிரியர்கள் வந்தால் எங்கள் துறைத் தலைவர் என் தகட்டைக் கையில் கொடுத்து, "துணி இருக்கா இல்லையான்னு சொல்லுங்க பாக்கலாம்" என்பார். அவர்கள் திருப்பித் திருப்பிப் பார்ப்பார்கள். நான் ஓரமாக நின்று அவர்கள் தோற்பதைப் பார்ப்பேன். எனக்கு அதில் அப்படி ஒரு கர்வம். சமையலில் உப்புக் கூடிவிட்டது என்றால்கூடப் பொறுத்துக்கொள்வேன், தகட்டில் ஒரு குமிழ் இருக்கிறது என்றால் அன்றைக்கு முழுக்க யாரிடமும் முகம் கொடுத்துப் பேச மாட்டேன். உனக்கே தெரியும்.

இந்தக் கர்வத்துக்காக நான் பொய் சொன்னது இது முதல் தடவை இல்லை. இதுவரை யாரிடமும் சொல்லாத ஒன்றை உன்னிடம் சொல்கிறேன். ஒரு ஆராய்ச்சி மாணவி இருந்தாள், திருப்பூர்ப் பக்கத்துப் பெண், ஒல்லியாக, எப்போதும் ஒரு சுருக்குப் பையில் கடலை மிட்டாய் வைத்துக்கொண்டு திரிவாள். அவளுக்காக வார்த்த தகட்டை ஓவனில் வைத்திருந்தேன். சூட்டை மெல்ல மெல்ல இறக்க வேண்டும், அதுவே ஆறும்வரை கதவைத் திறக்கக் கூடாது. நான் அவசரப்பட்டுத் திறந்து பார்த்துவிட்டேன். எப்படி வந்திருக்கிறது என்று பார்க்கும் ஆசை, அவ்வளவுதான். குளிர்ந்த காற்று பட்டதும் தகடு உள்ளுக்குள் இழுத்துக்கொண்டது. எடையே தொங்கவிடாமல் விளக்கில் காட்டினால்கூட அதில் பட்டை தெரிந்தது. அப்போது தினமும் பல மணிநேரம் மின்வெட்டு. தலைவர் கேட்டபோது, "கரண்ட் போயிருச்சுங்க சார்" என்றேன். அவர் நம்பினார். அந்தப் பெண் என் கையைப் பிடித்துக்கொண்டு, "போச்சாதுங்க்கா, உங்க தப்பு இல்லீங்க" என்று எனக்கே ஆறுதல் சொன்னாள். அவளுடைய நான்கு மாத உழைப்பு வீணானது. நான் வாயைத் திறக்கவில்லை. அவள் கொடுத்த கடலை மிட்டாயை வாங்கித் தின்றேன், அதுதான் இன்னும் கேவலம்.

சரி, உன் விஷயத்துக்கு வருகிறேன். ஆனி மாதம் நீ வந்து, "அம்மா, கம்ப்யூட்டர்ல போட்டுப் பாத்துட்டேனுங்க. ஆனா ராட்டினக்காரரு கண்ணுல பாக்காம நம்பமாட்டேங்கறாரு. நீங்க ஒரு தகடு வார்த்துத் தாங்க" என்றாய். ஓய்வு பெற்று இரண்டு வருஷம் சும்மா இருந்தவளுக்கு அது எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துப் பார். வீட்டுக்குப் பின்னால் ஷெட்டில் சின்ன ஓவன் வாங்கிவைத்தாய். காற்றை உறிஞ்சும் பம்பும் கொண்டுவந்தாய். வயசு திரும்பிவிட்டது போல இருந்தது எனக்கு. ஆனால் அந்த மாதம் சாரல் பிடித்துக்கொண்டது. பாலக்காட்டுப் பக்கமிருந்து வருகிற ஈரக்காற்று துணிக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. ஏழு துணி அடுக்கி முதல் தகடு வார்த்தேன், உள்ளே மேகம் போல வெண்மை. இரண்டாவதில் துணிக்கும் துணிக்கும் இடையே பொடிக் குமிழ்கள். மூன்றாவது ஓரத்தில் மட்டும் தெளிந்தது, துளை இருக்கிற இடம் குழம்பிக் கிடந்தது. துணியை ஓவனில் நன்றாகக் காயவைத்துப் பொறுமையாக இன்னொன்று வார்த்திருந்தால் வந்திருக்கும். அதற்கு ஐந்தாறு நாள் வேண்டும். நீயோ வெள்ளிக்கிழமை ராட்டினக்காரரை அழைத்து வருவதாகச் சொல்லிவிட்டாய். புதன்கிழமை நான் மூன்று துணியை எடுத்து ஓரமாக வைத்தேன். கனம் குறையாமல் இருக்க அந்த இடத்தை ரெசினால் நிரப்பினேன். தகடு நீரோடை போல வந்தது, கண்ணு. அப்படி ஒரு தகட்டை நான் கல்லூரியில்கூட வார்த்ததில்லை.

அன்றைக்கு எனக்கு நானே சொல்லிக்கொண்டது இதுதான். கம்ப்யூட்டரில் கணக்குப் போட்டாயிற்று, இது ராட்டினக்காரருக்குக் காட்டுவதற்கு மட்டும், அவர் போனபிறகு மகனிடம் சொல்லிவிடலாம். உண்மையாகவே சொல்லிவிடுவதாகத்தான் இருந்தேன். வெள்ளிக்கிழமை ஷெட்டில் என்ன நடந்தது என்று உனக்கு நினைவிருக்கும். ராட்டினக்காரர் செருப்பைக் கழற்றிவிட்டுக் கோயிலுக்குள் வருவது போல வந்தார். நீ விளக்கைப் போட்டு எடையைத் தொங்கவிட்டாய். துளையைச் சுற்றி மஞ்சளும் சிவப்பும் பச்சையுமாகப் பட்டைகள் அழகாக, அகலமாக விரிந்தன. பக்கத்துக்கு நாலு பட்டைதான். அவர், "அட கெரகமே, இதுக்குள்ள துணி இருக்குதுங்களா?" என்று வாயைப் பிளந்தார். "எங்கம்மா கையில செஞ்சதுங்க" என்றாய் நீ. அப்போது கவிதா மட்டும் தகட்டுக்குக் கிட்டே குனிந்து வெகுநேரம் பார்த்துவிட்டு, "ஏனுங்கத்தை, துணி எங்கீங்? ஒண்ணுகூடத் தெரியலியே?" என்று கேட்டாள். அங்கே கேட்க வேண்டிய ஒரே கேள்வியை அவள் கேட்டுவிட்டாள். நான் என்ன சொன்னேன் தெரியுமா? "தெரியாம இருக்கறதுதான் கண்ணு இந்த வேலையே" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். அந்தச் சிரிப்பைக் கலைக்க எனக்கு மனசு வரவில்லை. சாயந்தரம் சொல்லலாம் என்றிருந்தேன். சாயந்தரம் நீ எனக்கு மல்லிகைப்பூ வாங்கிக்கொண்டு வந்தாய்.

அப்புறம் ஒரு நாள் சாப்பிடும்போது, மோர் ஊற்றிக்கொண்டே சர்வசாதாரணமாகச் சொன்னாய். "கம்ப்யூட்டர் கொஞ்சம் எச்சாவே பயமுறுத்துச்சுங்மா. உங்க தகடு சொன்னதை வெச்சுத்தான் துளைகிட்ட கனத்தைக் கொறைச்சுப்போட்டேன். ஒவ்வொரு கையும் நல்லா எடை கொறைஞ்சிருச்சு." என் கையில் இருந்த கரண்டி அப்படியே நின்றுவிட்டது. துணி குறைந்தால் தகடு வெறும் பிளாஸ்டிக்குக்குப் பக்கத்தில் போய்விடும். பாரம் துளையைச் சுற்றிச் சாவகாசமாகப் பரவும். துணி முழுதாக இருந்தால் அது இழையின் வழியே ஓடி, துளையின் ஓரத்தில் போய் முட்டி நிற்கும். என் தகட்டில் தெரிந்தது வேறு ஒரு பொருளின் நிம்மதி. அதைப் பார்த்து நீ உண்மையான கையை மெலியவைத்திருக்கிறாய். உனக்குக் கம்ப்யூட்டர் சரியாகத்தான் சொல்லியிருக்கிறது, அம்மாவை நம்பி நீ அதை ஒதுக்கிவிட்டாய். இதை அந்த இடத்திலேயே சொல்லியிருக்க வேண்டும். "இன்னும் கொஞ்சம் மோர் ஊத்திக்கோ" என்றேன்.

அதற்குப் பிறகு எனக்குத் தூக்கமும் இல்லை, சாப்பாடும் இறங்கவில்லை. நீ கைகளை மாட்டி மணல் மூட்டை ஏற்றிச் சோதித்தாய். ஆள் எடையைப்போல மூன்று மடங்கு தாங்கியது என்று போனில் கத்தினாய். நான் கும்பிட்டேன். அப்பாடா, பயப்பட ஒன்றுமில்லை என்று ஒரு நாள் முழுக்க என்னை நானே ஏமாற்றிக்கொண்டேன். ஆனால் மணல் மூட்டை அசையாமல் தொங்குகிறது, கண்ணு. ராட்டினம் சுற்றும், நிற்கும், மறுபடி கிளம்பும். பெட்டிக்குள் பிள்ளைகள் குதிக்கும். ஆடிக் காற்று பக்கவாட்டில் தள்ளும். ஒரு நாளைக்கு எத்தனை சுற்று, எத்தனை நாள் திருவிழா. முதல் சுற்றில் எதுவும் ஆகாது என்றுகூட வைத்துக்கொள்வோம். துளையோரத்தில் முடி அளவு ஒரு விரிசல் விழுந்து, ரெசினுக்குள் வெள்ளையாக ஓடி, மேலே அடித்த சிவப்புப் பெயிண்டுக்கு அடியில் யாருக்கும் தெரியாமல் நீண்டுகொண்டே போகும். அது எந்தச் சுற்றில் முடியும் என்று யாராலும் சொல்ல முடியாது. நான் கண்ணை மூடினால் அந்தப் பெட்டி ஒரு பக்கமாகச் சாய்கிறது.

அதனால் உனக்குத் தெரியாமல் இன்னொரு தகடு வார்த்தேன். துணியை முழுதாகக் காயவைத்து, ஏழையும் அடுக்கி, குமிழ் எல்லாம் அடங்கும்வரை பம்பைப் போட்டு, ஓவனை ஒரு தடவைகூடத் திறக்காமல் ஆறவிட்டேன். உங்கப்பா வந்து, "இன்னொண்ணு எதுக்கு புள்ள?" என்று கேட்டார். "பாப்பாவுக்கு வெளையாட" என்றேன். நம்பிவிட்டார் பாவம். அந்த மனுஷனைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். அவர் டவுன் பஸ் ஓட்டிக்கொண்டிருந்த காலத்தில் ஒரு நாள் காலையில், பிரேக் மிதித்தால் ஏதோ சரியில்லை என்று வண்டியை டிப்போவை விட்டு எடுக்க மாட்டேன் என்றுவிட்டார். மெக்கானிக் பார்த்து ஒன்றுமில்லை என்றார். மேலதிகாரி வந்து கத்தினார், மெமோ கொடுத்தார். "ஒண்ணுமில்லீனா நீங்க ஓட்டீட்டுப் போங்க சார். எங்காலுக்குச் செரியில்லீங்க" என்று இறங்கிவந்துவிட்டார். அந்த மெமோவுக்காக நான் அவரை ஒரு மாதம் குத்திக் காட்டினேன். பிழைக்கத் தெரியாத மனுஷன் என்று உன் காதுபடவே சொல்லியிருக்கிறேன். அப்படிச் சொன்னது தப்பு, கண்ணு. அதை அவரிடமும் இன்னும் சொல்லவில்லை. இதைப் படித்துவிட்டு நீ அவரைப் போல நடந்துகொள்ள வேண்டும் என்பதுதான் என் ஆசை, என்னைப் போல வேண்டாம்.

நேற்று நீங்கள் கிளம்பிப் போன பிறகு மதியம்தான் ஓவனைத் திறந்தேன். தகடு தெளிவாகத்தான் வந்திருந்தது. உனக்குக் கொடுத்த தகட்டைப் போல நீரோடை இல்லை, உற்றுப் பார்த்தால் நெசவு லேசாகத் தெரியும். அதே துளை, அதே ஆணி, அதே எடை. விளக்கைப் போட்டேன். துளையின் இரண்டு பக்கமும் பட்டைகள் நெருக்கியடித்துக்கொண்டு நின்றன. எண்ணினேன், பக்கத்துக்கு ஒன்பது. கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி எண்ணினேன். கடைசிப் பட்டைகள் நூல் நூலாக ஒட்டிக் கிடந்ததால் பத்தாகக்கூட இருக்கலாம். உனக்குக் கொடுத்த அந்தப் பழைய தகட்டின் ஓரத்தில் அறுத்த துண்டு ஒன்று இருந்தது. அதைக் கொல்லையில் அடுப்புக் கரியில் போட்டு எரித்தேன். கரும்புகை விட்டு ரெசின் முழுக்க எரிந்துபோனது, துணி மட்டும் வெள்ளையாக மிஞ்சியது. ஊசியால் பிரித்து எண்ணினேன். நாலு. நானே எண்ணி வைத்த நாலு. எனக்குத் தெரியாத விஷயம் ஒன்றும் இல்லை, இருந்தாலும் அந்தச் சாம்பலுக்கு முன்னால் உட்கார்ந்து வாய்விட்டு அழுதேன்.

உனக்குப் போன் செய்தேன். பின்னால் கொட்டுச் சத்தம், திருவிழாச் சந்தைக் குதிரைகள் கனைக்கிற சத்தம், யாரோ இரும்பைத் தட்டுகிற சத்தம். "சொல்லுங்மா, பெட்டி மாட்டீட்டிருக்கோம், நெம்ப அருமையா உக்காருது" என்றாய். உன் குரலில் அப்படி ஒரு சந்தோஷம். "சாப்பிட்டியா?" என்று கேட்டேன். "சாப்டாச்சுங், அப்பறம் பேசறேனுங்" என்று வைத்துவிட்டாய். அறுபது வயசுக்காரி, முப்பது வருஷம் வேலை பார்த்தவள், பெற்ற மகனிடம் ஒரு வாக்கியம் சொல்ல முடியாமல் போனைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அப்புறம் செய்ததுதான் எல்லாவற்றையும்விட மோசம், அதையும் மறைக்காமல் எழுதுகிறேன். இன்று காலை கவிதாவுக்குப் போன் செய்தேன். "பாப்பாவ மட்டும் ராட்டாந்தூரில ஏத்தாத கண்ணு. காய்ச்சல்னு சொல்லிப்போடு. நீயும் கூட இருந்துக்கோ. அவனையும் எப்படியாச்சும் எறக்கிப்போடு" என்றேன்.

அவள் அதிர்ந்து போகவில்லை. "என்னாச்சுங்கத்தை? நெசத்தைச் சொல்லுங்க" என்றாள். எல்லாவற்றையும் சொன்னேன். நாலு துணி, வெள்ளிக்கிழமை, மோர், ஒன்பது பட்டை, எதையும் விடவில்லை. சொல்லி முடித்ததும் அவள் கேட்டாள்: "செரீங்கத்தை. நாங்க மூணு பேரும் ஏறாம இருந்துக்கறோமுங்க. மத்தவங்க கொழந்தைங்க ஏறுவாங்களே, அவங்களுக்கு யாருங் போன் பண்றது?" அவள் கோபமாகக் கேட்கவில்லை, உண்மையாகவே விடை தெரியாமல் கேட்பது போலக் கேட்டாள். பத்து நாட்களாக நான் பயந்தது உங்கள் மூன்று பேருக்காக மட்டும்தான் என்பது அப்போதுதான் எனக்கே தெரிந்தது. உங்களை இறக்கிவிட்டால் போதும், அதற்கப்புறம் அந்தப் பெட்டியில் யார் உட்கார்ந்தாலும் என் வாய் மூடியே இருந்திருக்கும். என்னைப் பற்றி எனக்கு இவ்வளவு பயம் இதுவரை வந்ததில்லை.

ராட்டினக்காரரிடமும் உடனே போனில் பேசினேன். "அம்மா, மணல் மூட்டை தாங்குச்சுங்களே. உங்க பையன் வந்து வேண்டாம்னு சொன்னா நான் நிறுத்திப்போடறேனுங்க. அவரு சொல்லாம நான் எப்புடிங்க நிறுத்தறது? பேரு கெட்டுப்போயிருமேங்க அவருக்கு" என்றார். நல்ல மனுஷன், உன்மேல் வைத்த மரியாதையில்தான் அப்படிச் சொன்னார். ஆக, கடைசியில் உன்னிடம்தான் வந்து நிற்க வேண்டியிருக்கிறது. நான் வந்து சேரும்வரை ஒரு ஆளையும் ஏறவிட மாட்டேன் என்று கவிதா வாக்குக் கொடுத்திருக்கிறாள். உன்னிடம் நானே வந்து சொல்வதாகவும் அதுவரை சொல்ல வேண்டாம் என்றும் அவளிடமும் ராட்டினக்காரரிடமும் கெஞ்சிக் கேட்டுக்கொண்டேன். போனில் சொன்னால் நீ சமாதானம் சொல்வாய், "ஒண்ணும் ஆகாதுங்மா" என்பாய், உன் குரலைக் கேட்டு நானும் மசிந்துவிடுவேன். அதனால் எழுதி எடுத்துக்கொண்டு வருகிறேன். இரண்டு தகடுகளையும் துண்டில் சுற்றிப் பையில் வைத்தாயிற்று. அந்தக் கறுத்த தாள்களையும் எடுத்துக்கொண்டேன். எரித்த துணியை ஒரு டப்பாவில் போட்டிருக்கிறேன். காந்திபுரத்தில் கோபி பஸ் பிடித்து, அங்கிருந்து அந்தியூர் வந்துவிடுவேன். உங்கப்பாவும் கூட வருகிறார். அவரிடம் இன்னும் காரணம் சொல்லவில்லை, பஸ்ஸில் சொல்கிறேன்.

உன் பேர் கெட்டுப்போகும், கண்ணு. முதல் பெரிய வேலை, ஊரே பார்க்கிற இடம், கடன் வாங்கி ஆரம்பித்த கம்பெனி. இத்தனை பேர் முன்னால் மாட்டிய கைகளைக் கழற்றுவது என்றால் என்ன அவமானம் என்று எனக்குத் தெரியும். தப்பு அம்மாவுடையது என்று சொல். மறைக்காமல், மைக்கில் வேண்டுமானாலும் சொல். துளையோரத்தில் பழைய கனத்துக்கே கைகளைத் திரும்பச் செய், இல்லை பழைய இரும்புக் கைகளையே இந்தத் திருவிழாவுக்கு மாட்டச் சொல். இனிமேல் யார் வார்த்த தகடாக இருந்தாலும் ஒரு துண்டை எரித்துத் துணியை எண்ணிப் பார்த்துவிட்டு நம்பு. பெற்றவள் வார்த்ததை இரண்டு தடவை எரித்துப் பார். அப்படிப் பார்ப்பது மரியாதைக் குறைவு ஆகாது. நீ என்னைச் சந்தேகப்பட்டிருந்தால் எனக்குக் கோபம் வந்திருக்கும், ஒரு வாரம் பேசாமல் இருந்திருப்பேன், அதோடு போயிருக்கும்.

என்மேல் உனக்கு என்ன தோன்றுகிறதோ அதைத் தோன்றவிடு. திட்டு, பேசாமல் இரு, ஷெட்டைப் பூட்டிச் சாவியைக் கொண்டு போய்விடு. நான் ஒன்றும் சொல்ல மாட்டேன். இதை நீ படிக்கிறபோது நான் உன் எதிரில்தான் நின்றுகொண்டிருப்பேன். கடைசி வரியைப் படித்துவிட்டு நிமிர்ந்து என் முகத்தைப் பார்க்காதே. ராட்டினத்துப் பக்கம் திரும்பி, பெட்டிகளை இறக்கச் சொல். அப்புறம் வந்து என்னைப் பார்.